பரிணாமம் வளர்த்த மனத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: நம் மூளை உண்மையைக் காண்பதற்காக அல்ல, உயிர் பிழைப்பதற்காகவே உருவானது என்கிறார்கள். அப்படியானால் அது காட்டும் உலகத்தை எந்த அடிப்படையில் நம்புவது? அந்த மூளையே கண்டறிந்த பரிணாமக் கோட்பாட்டையும் சந்தேகிக்க வேண்டியதாகிவிடாதா? கோத்தகிரிக்கு அருகில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குரங்குக் கூட்டம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அலறியடித்து மரமேறுவதை அன்றாடம் பார்க்கிறேன். இயற்கைத் தேர்வு சரியான அறிவைத் தரும் என்று அதைப் பார்த்த பிறகு எப்படி நம்புவது?

பதில்:

இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. இரண்டுமே என் பார்வையில் பாதி தூரம்தான் செல்கின்றன. உலகைத் தவறாகக் காணும் உயிர் பள்ளத்தில் விழுந்தும் நஞ்சைத் தின்றும் மடிந்துபோகும் என்பதால், இன்று எஞ்சியிருக்கும் உயிர்களின் புலன்களும் மனமும் பெரும்பாலும் சரியாகவே இயங்க வேண்டும் என்பது முதலாவது பதில். அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1969-இல், சில நிகழ்வுகளைக் கொண்டு பொதுவிதியை ஊகிக்கும் நம் திறனைப் பற்றிய கட்டுரையில், ஏறத்தாழ இக்கருத்தையே முன்வைத்தார். இரண்டாவது பதில் இதற்கு நேர் எதிரானது. இயற்கைத் தேர்வின் கண்ணில் படுவது நடத்தை மட்டுமே. காலும் கையும் உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு நகர்ந்துவிட்டால், தலைக்குள் ஓடும் எண்ணம் மெய்யா பொய்யா என்பது அதற்கு ஒரு பொருட்டே அன்று என்கிறது அது. இன்னொரு அமெரிக்க மெய்யியலாளரான ஆல்வின் பிளான்டிங்கா 1993-இல் இதை ஒரு முறையான வாதமாக வளர்த்தெடுத்து, பரிணாமத்தையும் இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லை என்ற கொள்கையையும் ஒருசேர ஏற்பவர் தம் அறிவின் மீதே நம்பிக்கை வைக்க இயலாது என்று முடித்தார். உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி அவருடைய வாதத்தின் நிழல்தான்.

நான் சொல்ல வருவது வேறு. உலகின் ஏதோ ஒரு நிலையைக் குறித்து நின்று, அதன்படி செயலை வழிநடத்தும் உள்நிலையை மனச்சித்திரம் என்று அழைப்போம். நம்பகத்தன்மை என்பது மூளை முழுவதற்கும் ஒட்டுமொத்தமாக வழங்கப்பட்ட வரமும் அன்று, ஒட்டுமொத்தமாக மறுக்கப்பட்ட ஒன்றும் அன்று. ஒவ்வொரு வகை மனச்சித்திரமும் அதற்குரிய செலவையும் ஆதாயத்தையும் பொறுத்துத் தனித்தனியாகவே செதுக்கப்பட்டிருக்கிறது. அவ்வாறு செதுக்கப்படும்போது எல்லாவற்றையும்விட அதிகமாகக் கணக்கில் வருவது, ஒரே மனச்சித்திரத்தை அந்த உயிர் எத்தனை வேறுபட்ட காரியங்களுக்குப் பயன்படுத்துகிறது என்பதே. ஒரே காரியத்துக்கு மட்டும் உதவும் சித்திரம் அந்தக் காரியத்தின் பக்கமாகச் சாய்ந்துவிடலாம். பல காரியங்கள் ஒருங்கே சார்ந்திருக்கும் சித்திரத்துக்கு அப்படிச் சாய்வதற்கு இடமில்லை.

முதலில் உங்கள் தோட்டத்துக் குரங்குகள். புதரில் ஒரு சலசலப்பு கேட்கிறது. அது காற்றாகவோ காட்டுக்கோழியாகவோ சிறுத்தையாகவோ இருக்கலாம். வீணாக ஓடினால் குரங்குக்கு நேரும் இழப்பு சில கவளங்களும் சிறிது நேரமும். ஓடாமல் இருந்து சிறுத்தையிடம் சிக்கினால் உயிரே போய்விடும். முதல் இழப்பை 1 என்றும் இரண்டாவதை 1000 என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், சலசலப்பு சிறுத்தையாக இருப்பதற்கான வாய்ப்பு 1001-இல் 1-ஐத் தாண்டும்போதே ஓடிவிடுவதுதான் ஆதாயமான வழி. இந்தக் கணக்கைச் சரியாகப் பின்பற்றும் குரங்கு, தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முறை ஒன்றுமில்லாததற்கு ஓடத்தான் செய்யும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் கேலியாகச் சொல்வது, சிறுத்தை உலவும் காட்டில் கேலிக்குரியது அல்ல. உளவியலாளர்கள் மார்ட்டி ஹேசல்டனும் டேவிட் பஸ்ஸும் 2000-இல் பிழை மேலாண்மைக் கோட்பாடு என்ற பெயரில் இதைப் பொதுமைப்படுத்தினார்கள்: இரு வகைப் பிழைகளின் விலை ஏற்றத்தாழ்வாக இருக்குமிடத்தில், இயற்கைத் தேர்வு பிழைகளின் மொத்த எண்ணிக்கையைக் குறைப்பதில்லை, விலை உயர்ந்த பிழையையே குறைக்கிறது.

இதுவரை சொன்னது உங்கள் ஐயத்துக்கு வலுச் சேர்ப்பதாகவே தோன்றும். ஆனால் இங்கே ஓர் அவசர முடிவு ஒளிந்திருக்கிறது. குரங்கு ஓடியது என்பதிலிருந்து, சிறுத்தை இருப்பதாக அது தவறாக நம்பியது என்பது தானாகப் பெறப்படாது. நம் மலையில் இதற்கு நாள்தோறும் சான்று கிடைக்கிறது. மாலை மங்கிய பின் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு லைன் வீடுகளுக்குத் திரும்புகிறவர்கள், மூடுபனிக்குள் தேயிலைச் செடிகளுக்கு மேலாகக் கறுப்பாக ஏதோ உயர்ந்து தெரிந்தால், முன்னால் செல்பவர் பேசாமல் கையை நீட்டித் தடுக்க, அப்படியே நின்றுவிடுகிறார்கள். அடுத்து அவர்களுடைய கண் தேடுவது, காட்டுமாட்டின் முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டாற்போலத் தெரியும் வெள்ளை நிறத்தை. செடி காலை மறைத்துவிட்டால் காது அசைகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் கேட்டால், அநேகமாக அது பாறையாகத்தான் இருக்கும் என்பார்கள். ஆனாலும் உறுதிப்படும் வரை ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டார்கள். அவர்களுடைய கணிப்பு கோணலாக இல்லை. செயலுக்கான எல்லைக்கோடுதான் எச்சரிக்கையின் பக்கம் தள்ளி வரையப்பட்டிருக்கிறது. ரயன் மெக்கேயும் டேனியல் டென்னட்டும் 2009-இல், ஆதாயமான தவறான நம்பிக்கைகள் என்று காட்டப்படும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவற்றை நுணுகிப் பார்த்து, அவற்றில் சாய்ந்திருப்பது நம்பிக்கை அன்று, செயலே என்று வாதிட்டார்கள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்படும் பரிணாம உளவியல் கட்டுரைகள் ஏராளம் என்பது என் மனக்குறை.

கணிப்பையும் செயலையும் தனித்தனியே வைத்துக்கொள்ள எல்லா உயிர்களாலும் முடியாது என்பதும் உண்மைதான். லெட்வின், மட்டுரானா, மெக்கல்லக், பிட்ஸ் ஆகிய நால்வரும் 1959-இல் வெளியிட்ட தவளைக் கண் ஆய்வு இத்துறையில் திரும்பத் திரும்பப் பேசப்படுவது. தவளையின் விழித்திரையிலேயே, சிறியதாகவும் கருமையாகவும் அசைந்துகொண்டும் இருக்கும் பொருளுக்கு மட்டும் துடிக்கும் நரம்புகள் உண்டு. அந்தத் துடிப்புக்கும் நாக்கு பாய்வதற்கும் இடையில் யோசனைக்கு அதிக இடமில்லாததால், ஈயைப் போல உருட்டிவிடப்படும் எதையும் தவளை விழுங்கப் பார்க்கும். இப்போது ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. தவளையின் நரம்பு எதைக் குறிக்கிறது? ஈயைக் குறிக்கிறது என்றால் அது அடிக்கடி தவறுகிறது. அசையும் சிறு கரும்புள்ளியைக் குறிக்கிறது என்றால் அது தவறுவதே இல்லை. ஒரு சித்திரம் எதைப் பற்றியது என்று நிலைநாட்டாமல், அது நம்பத்தக்கதா என்று கேட்பதில் பொருளில்லை.

மெய்யியலாளர் ரூத் மில்லிகன் 1984-இல் தந்த விடையை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். சித்திரத்தை உருவாக்கும் உறுப்பை மட்டும் பார்க்காதீர்கள், அதைப் பயன்படுத்தும் உறுப்பைப் பாருங்கள்; அந்தப் பயன்பாடு முன்னோர்களிடம் வெற்றி பெற்றபோதெல்லாம் உலகில் எந்த நிலை நிலவியதோ, அதுவே அந்தச் சித்திரத்தின் பொருள் என்கிறார் அவர். தவளையின் வயிறு நிறைந்தது ஈயால்தானே தவிரக் கரும்புள்ளியால் அன்று. ஆகவே அது குறிப்பது இரையை. இந்த விளக்கத்தின் ஒரு விளைவு பலரையும் திகைக்க வைக்கிறது. ஒரு சித்திரம் பெரும்பாலான நேரங்களில் பொய்யாக இருந்தாலும் அதன் பொருள் மாறாது, ஏனெனில் அது மெய்யாக இருந்த சில தருணங்களே அதை இன்றுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. பொருளைத் தீர்மானிப்பதும் நம்பகத்தன்மையை வழங்குவதும் பரிணாமத்தின் இரு வேறு வேலைகள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்துக் காட்டிலேயே இது தொடர்பாக ஓர் அருமையான ஆய்வு நடந்திருக்கிறது. ரிச்சர்ட் காஸ், உமா ராமகிருஷ்ணன், ஜெஃப்ரி ஷாங்க் ஆகியோர் முதுமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும் நாட்டுக் குரங்குக் கூட்டங்களுக்கு முன் சிறுத்தையின் மாதிரி உருவங்களைப் புதர் மறைவிலிருந்து காட்டிப் பார்த்து, முடிவுகளை 2005-இல் வெளியிட்டார்கள். குரங்குகள் இரை தேடும் இடத்திலிருந்து 25 மீட்டர் தொலைவில் உருவத்தின் முன்பாதியோ பின்பாதியோ மட்டும் தெரியும். புள்ளித்தோல் உருவத்தின் முகமும் முன்காலும் தெரிந்தபோது குரங்குகள் மிக விரைவாக ஓடின. கருஞ்சிறுத்தை உருவத்தின் பின்பாதி மட்டும் தெரிந்தபோது அவை அதைப் பொருட்படுத்தவில்லை. குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் கருஞ்சிறுத்தை நடமாட்டம் என்பது செய்தித்தாள் வாசகர்களுக்குப் பழகிப்போன தலைப்பு. அது தனி இனமன்று, ஒடுங்கு மரபணு ஒன்றால் தோல் கறுத்த சிறுத்தையே. அதன் பல்லும் நகமும் புள்ளிச் சிறுத்தையினுடையவை போன்றவையே. அப்படியிருந்தும் குரங்கின் மனம் மஞ்சள் தோலையும் கரும்புள்ளிகளையும் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், சிறுத்தை இனம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் புள்ளித்தோலே பெரும்பான்மை என்பதும், அந்தத் தோலைப் போலக் காட்டில் வேறெதுவும் இல்லை என்பதும்தான் என்று நினைக்கிறேன். மங்கிய வெளிச்சத்தில் கறுத்த பின்பாகம் போலத் தோன்றும் நிழலும் மரத்தூரும் சோலைக்குள் எங்கு பார்த்தாலும் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் ஓடினால் குரங்கு பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகளிடம் ஆய்வாளர்கள் ராபர்ட் செய்ஃபார்த்தும் டோரதி சீனியும் கண்டதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். குட்டிகள் வானத்தில் தெரியும் பலவகைப் பறவைகளுக்கும் கழுகு எச்சரிக்கைக் குரல் கொடுக்கின்றன. வளர வளர, உண்மையிலேயே குரங்கைக் கொல்லும் கழுகுக்கு மட்டும் குரல் கொடுக்கப் பழகுகின்றன. பிறவியில் கிடைத்த தோராயமான சித்திரத்தை அனுபவம் கூர்தீட்டுகிறது.

இனி மையமான வாதத்துக்கு வருகிறேன். பசுந்தேயிலை கொள்முதல் செய்யும் ஒருவரிடம் உள்ள தராசு கொஞ்சம் குறைத்துக் காட்டினால், வாங்கும்போது அவருக்கு ஆதாயம். அதே தராசில் நிறுத்துத்தான் தொழிற்சாலைக்கும் விற்க வேண்டும் என்றால், வாங்கும்போது வந்த ஆதாயம் விற்கும்போது போய்விடும். அதே தராசில் உரத்தையும் எடை போட்டுச் செடிக்கு அளந்து போடுகிறார் என்றால், பயிரும் கெடும். ஒரு திசையில் மட்டும் பயன்படும் கருவியைக் கோணலாக்கி லாபம் காணலாம். பல திசைகளில் பயன்படும் கருவிக்கு நேராக இருப்பதைத் தவிர வேறு லாபமான நிலை இல்லை. மனச்சித்திரங்களுக்கும் இதுவே பொருந்தும். எங்கே என்ன இருக்கிறது, எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எது எதைவிடப் பெரியது என்பன போன்ற சித்திரங்களை நாம் தப்பி ஓடவும், தாவவும், எறியவும், குழந்தையைத் தூக்கவும், வழி சொல்லவும் பயன்படுத்துகிறோம். ஓடுவதற்கு வசதியாக அவற்றை வளைத்தால் எறிவது தவறிப்போகும்.

பிளான்டிங்கா தம் வாதத்துக்காகக் கற்பனை செய்த ஆதிமனிதன் ஒருவன் உண்டு. புலியை அவன் சாதுவான பெரிய பூனையென நினைத்து அதைத் தடவிக்கொடுக்க விரும்புகிறான். ஆனால் தடவிக்கொடுப்பதற்குச் சிறந்த வழி அதைவிட்டு ஓடுவதே என்றும் நம்புகிறான். நம்பிக்கைகள் பொய், ஓட்டம் மட்டும் சரி. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதனை முதுமலைக் காட்டில் ஒரு நாள் வாழவிட்டுப் பாருங்கள். புலியின் காலடித் தடத்தைக் கண்டால் அவன் என்ன செய்வான்? புலி தின்றுவிட்டுப்போன கடமானின் உடலைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவான்? புலி இருக்கும் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் மகளிடம் என்ன சொல்வான்? ஒவ்வொரு புதிய சூழ்நிலைக்கும் முந்தைய பொய்யை ஈடுகட்டும் இன்னொரு பொய் அவனுக்குத் தேவைப்படும்; அந்தப் பொய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தரும் முடிவுகளும் தற்செயலாகச் சரியான செயலிலேயே கொண்டுபோய் விட வேண்டும். ஒரு நம்பிக்கைக்கு ஒரே செயல் என்று பூட்டி வைத்தால் மட்டுமே பிளான்டிங்காவின் உதாரணம் நிற்கும். நம்பிக்கைகளைக் கலந்து புதிய முடிவுகளைப் பெறும் உயிரிடம் அது நிற்காது.

அண்மைக் காலத்தில் உளவியலாளர் டொனால்ட் ஹாஃப்மன் இதே ஐயத்தைக் கணினி மாதிரிகளின் வழியாக எழுப்பினார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட மாதிரிகளில், உலகின் உண்மையான அளவுகளைக் காணும் உயிர்களை, தனக்கு எது ஆதாயம் என்பதை மட்டுமே காணும் உயிர்கள் வென்றுவிட்டன. அந்த முடிவில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. அமைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. அங்கே ஆதாயம் என்பது மாறாத ஒரே கணக்கு. உப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு. நல்லது, கெட்டது என்று இரண்டு நிறங்களில் மட்டும் உப்பைக் காணும் விலங்குக்கு அதன் உண்மையான அளவு தெரியாமலேயே காரியம் நடக்கும். ஆனால் கோடையில் ஒரு தேவை, மழைக்காலத்தில் வேறு தேவை, குட்டிக்குப் பாலூட்டும்போது இன்னொரு தேவை என்று கணக்கு மாறிக்கொண்டே இருந்தால், நேற்றைய நல்லது இன்றைக்குக் கெட்டதாகிவிடும். அளவைத் தெரிந்துவைத்திருக்கும் விலங்குதான் எல்லாக் காலங்களிலும் தாக்குப்பிடிக்கும். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் இதை மாதிரிகளின் மூலமாகவே காட்டினார்கள்: குறிக்கோள்கள் மாறிக்கொண்டேயிருக்க, புலன் மட்டும் மாறாமல் இருக்க வேண்டும் என்ற நிலையில், உள்ளதை உள்ளபடி காட்டும் புலனே மேலோங்குகிறது. ஹாஃப்மனின் நூல்களைப் படித்துக் கலங்கிப் போனவர்கள் இந்த ஒரு நிபந்தனையைக் கவனித்தால் போதும்.

இதற்கு எதிர்வாதமாக, சரிவான நிலத்தை நாமெல்லோரும் மிகையாகக் காண்பதைச் சுட்டிக்காட்டுவார்கள். மலைவாசிகளான நமக்கு இது நெருக்கமான விஷயம் என்பதால் சற்று நின்று பார்க்கலாம். டெனிஸ் ப்ராஃபிட்டும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் வர்ஜீனியாவில் செய்த சோதனையில், 5 பாகைச் சரிவை மக்கள் சுமார் 20 பாகை என்றும், 10 பாகைச் சரிவைச் சுமார் 30 பாகை என்றும் சொன்னார்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு நம் மலை ரயில் ஏறும் பாதையின் மிகச் செங்குத்தான சாய்வு 12-க்கு 1. பாகையில் சொன்னால் 5-க்கும் சற்றுக் குறைவு. ரயிலில் அமர்ந்து அந்தப் பாதையைப் பார்க்கும் யாரிடமாவது கோணத்தைக் கேளுங்கள். 5 என்று சொல்பவர் கிடைப்பது அரிது. சரிவு மிகையாகத் தெரிவது வீண் களைப்பிலிருந்து நம்மைக் காக்கிறது என்று ப்ராஃபிட் விளக்கினார். முதுகில் சுமையோடு பார்ப்பவருக்குச் சரிவு இன்னும் அதிகமாகத் தெரிகிறது என்ற முடிவையும் பின்னர் வெளியிட்டார். அந்தச் சுமைச் சோதனை அவ்வளவு உறுதியானதன்று. ஃபிராங்க் டர்கினும் பிறரும் 2009-இல் காட்டியபடி, சோதனையின் நோக்கத்தை ஊகித்துவிட்டவர்களே விடையைக் கூட்டிச் சொல்ல முனைந்தார்கள்.

எனினும் சரிவு மிகையாகத் தெரிவது மறுக்க முடியாத உண்மை. அதற்கு டர்கின் தரும் விளக்கம் எனக்கு அதிகப் பொருத்தமாகப் படுகிறது. மனிதன் நடக்கும் நிலத்தின் சரிவுகள் ஒரு குறுகிய வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. அந்தக் குறுகிய வரம்பை மனத்தில் விரித்து வைத்துக்கொண்டால், 4 பாகைக்கும் 6 பாகைக்கும் இடையிலுள்ள வேறுபாடு நன்றாகப் பிடிபடும். சுமையோடு ஏறுகிறவருக்குத் தேவை அந்த வேறுபாடுதான். பாகை எண் அன்று. கால்கள் அதே விரிந்த அளவையை வைத்து நடந்து பழகிவிட்டதால், அடி எங்கும் தவறுவதில்லை. எது எதைவிடச் செங்குத்து என்ற வரிசை சரியாகவே இருக்கிறது. அதை எண்ணாக மாற்றிச் சொல்லும்படி ஓர் ஆய்வாளர் கேட்கும்போதுதான் பிழை தலைகாட்டுகிறது. எண்ணாகச் சொல்லும் அந்த வேலைக்கு இயற்கைத் தேர்வு ஒருபோதும் பயிற்சி கொடுத்ததில்லை. ரயில் பாதையை அமைத்த பொறியாளர்கள் கண்ணளவை நம்பாமல் மட்டக்கருவியை நம்பியது இதனால்தான் பொருத்தமாகிறது.

மூடுபனியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் ஆய்வுக்கூடம் காட்டும் பிழையை அப்படியே மலைச்சாலைக்குக் கொண்டுவருவதில் உள்ள ஆபத்தை அது காட்டுகிறது. பனியில் வேகம் குறைவாகத் தெரிவதால் ஓட்டுநர்கள் தம்மை அறியாமலேயே வேகமாகச் செல்கிறார்கள் என்று 1998-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. பாடநூல்களும் அதை ஏற்றுக்கொண்டன. அந்தச் சோதனையில் திரை முழுவதும் ஒரே சீராக மங்கலாக்கப்பட்டிருந்தது. கொண்டை ஊசி வளைவில் பனிக்குள் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், உண்மையான பனி அப்படி இருக்காது. பக்கத்தில் இருக்கும் சாலையோரக் கல் தெளிவாகத் தெரியும், தொலைவு கூடக்கூட எல்லாம் கரைந்துபோகும். டூபிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த பாவ்லோ ப்ரெட்டோவும் பிறரும் 2012-இல் தொலைவுக்கு ஏற்ப அடர்த்தி கூடும் பனியை வைத்துச் சோதித்தபோது முடிவு தலைகீழானது: வேகம் அதிகமாகத் தெரிந்தது, ஓட்டுநர்கள் மெதுவாகச் சென்றார்கள். பார்வை எந்த வகைச் சூழலில் உருவானதோ அதற்கு நெருங்கிய சூழலில் சோதித்தால், பிழை என்று பெயர் வாங்கியது காணாமல் போய்விடுகிறது. (அதற்காகக் கோத்தகிரிச் சாலையில் பனிவிளக்கு இல்லாமல் இறங்கிவிடாதீர்கள், எதிரே வரும் பேருந்து இந்த ஆய்வைப் படித்திருக்காது.)

பல பயன்பாடு நேராக்கும் என்றால், ஒற்றைப் பயன்பாடு எங்கே கோணலாக்குகிறது? தன்னைப் பற்றிய மதிப்பீட்டில், தன் கூட்டத்தைப் பற்றிய பெருமிதத்தில், எதிராளியின் உள்நோக்கத்தைப் பற்றிய ஊகத்தில். இந்தச் சித்திரங்களின் தலையாய வேலை பிறரை இணங்கவைப்பது. தன்னையே ஏமாற்றிக்கொள்பவன் பிறரை எளிதாக ஏமாற்றுவான் என்று பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் சொன்னது இங்கே பொருந்துகிறது. காட்டுமாட்டைப் பாறையென்று நம்பினால் மலை உடனே திருத்திவிடும். நான் ஊரிலேயே நியாயமானவன் என்று நம்பினால் திருத்துவதற்கு யாரும் அவசரப்படுவதில்லை. உங்கள் ஐயத்தை இந்த வகை நம்பிக்கைகளின் மீது எவ்வளவு வேண்டுமானாலும் செலுத்துங்கள், நான் உடன்படுகிறேன்.

எஞ்சியிருப்பது கோட்பாட்டறிவு. சூரியனின் உட்கூறுகளைப் பற்றியோ மரபணுக்களைப் பற்றியோ சரியாக எண்ணியதற்காக எந்த முன்னோரும் கூடுதல் பிள்ளை பெற்றதில்லை. ஆகவே அத்துறைகளில் பரிணாமம் நமக்கு நேரடியாக எந்த உறுதியும் தரவில்லை. அப்படியிருந்தும் அங்கே எப்படி அறிவு கிடைக்கிறது என்பதற்கு, பழனி மலையில் நடந்த ஒன்றைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909-இல், சூரியக் கரும்புள்ளியின் இருண்ட நடுப்பகுதியைச் சூழ்ந்திருக்கும் மங்கலான வளையத்தில், அதாவது புறநிழலில், வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அப்பாய்ச்சலின் வேகம் வினாடிக்கு ஒரு சில கிலோமீட்டர். அதனால் ஒளியின் அலைநீளத்தில் ஏற்படும் மாற்றம் லட்சத்தில் ஒரு பங்கைச் சுற்றியே இருக்கும். அதை நேரடியாக உணரும் கண் எந்த உயிரிடமும் இல்லை. ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி செய்தது என்னவென்றால், அந்த மாற்றத்தை ஓர் ஒளிப்படத் தட்டில் பதிந்த கோட்டின் சிறு சாய்வாக மாற்றிக் கொடுத்தது. கோடு நேராக இருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று சொல்வதில் மனிதக் கண் வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமானது. விழித்திரையில் ஒளி உணரும் கூம்புகளுக்கு இடையிலுள்ள தூரம் கோண அளவில் சுமார் 30 விகலை (ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை). இரண்டு கோடுகளின் விலகலை நாம் கண்டுபிடிப்பதோ ஒரு சில விகலை வரை. 5 விகலை என்பது 1 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். விளிம்பு, ஆழம், உருவம் என்று பார்வையின் எத்தனையோ வேலைகள் இந்தத் திறனைச் சார்ந்திருப்பதால் அது இவ்வளவு கூர்மையாக்கப்பட்டிருக்கிறது.

அறிவியல் கருவிகளின் பொதுவான தந்திரம் இதுதான் என்று நான் கருதுகிறேன். நம் மனம் நம்பத்தகாததாக உள்ள கேள்வியை, நம் மனம் மிகவும் நம்பத்தக்கதாக உள்ள வேலையாக மாற்றிவிடுவது: முள் எந்தக் கோட்டில் நிற்கிறது, இரண்டு நிறங்களும் ஒன்றா, எந்தத் தட்டு தாழ்ந்திருக்கிறது. அதன் மேல் எழுப்பப்படும் கோட்பாட்டில் உள்ள பிழையை ஒருவர் தப்பவிட்டாலும், இன்னொருவர் அந்தக் கோட்பாட்டை வேறொரு வேலைக்காக எடுத்துப் பயன்படுத்தும்போது அது பிடிபடுகிறது. பரிணாமக் கோட்பாட்டையே எடுத்துக்கொண்டால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை விளக்குபவர், புதைபடிவத்தின் அடுக்கை ஊகிப்பவர், இரண்டு உயிரினங்களின் மரபணு வரிசையை ஒப்பிடுபவர் எனத் தொடர்பற்ற பலர் ஒரே சித்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்கு வசதியாக அதை வளைத்தால் மற்றவருடைய கணக்கு உதைக்கும்.

கோட்பாடு தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறதா என்ற உங்கள் கடைசி ஐயம் டார்வினுக்கே இருந்தது என்று பலரும் எடுத்துக்காட்டுவார்கள். 1881 ஜூலையில் வில்லியம் கிரஹாமுக்கு எழுதிய கடிதத்தில், கீழ்நிலை விலங்குகளின் மனத்திலிருந்து வளர்ந்த மனித மனத்தின் உறுதிப்பாடுகளுக்கு ஏதேனும் மதிப்பு உண்டா என்ற கொடிய ஐயம் தமக்கு எழுவதாக அவர் குறிப்பிட்டது உண்மை. ஆனால் அந்த வரிக்கு முந்தைய வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரபஞ்சம் வெறும் தற்செயலின் விளைவன்று என்ற தம் உள்ளார்ந்த உறுதிப்பாட்டைச் சொல்லிவிட்டு, அதைப் பற்றித்தான் அவர் ஐயப்பட்டார். நாம் எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தாத, தவறானால் எதுவும் தட்டிக் கேட்காத நம்பிக்கை அது. 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் நுண்ணோக்கியின் கீழ் அறுத்துப் பார்த்து எழுதிய, கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசு உயிரிகளின் உடலமைப்பைப் பற்றிய குறிப்புகளின் மீது அவர் அந்த ஐயத்தை எழுப்பவில்லை.